செப்டம்பர் 9: யுஸ்ஸி பியோர்லிங்கைக் கேட்கும் இழை

பழையதட்டு எழுதியது:

செப்டம்பர் 9 ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் யாரிடமும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. வீட்டில் பழகிவிட்டார்கள். ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். 1960இல் இதே தேதியில்தான் ஸ்டாக்ஹோமுக்கு அருகே ஸியாரோ என்ற சின்னத் தீவில் ஸ்வீடன் ஓபராப் பாடகர் யுஸ்ஸி பியோர்லிங் இறந்தார். இதயம் கைவிட்டுவிட்டது. வயது 49.

இந்த வருஷம் தனியாக வேண்டாம், எல்லோருமாகக் கேட்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆளுக்கு ஒரு ஒலிப்பதிவைச் சொல்லுங்கள். ‘அருமையான குரல்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாமல், எந்த இடத்தில் காது நின்றது என்பதையும் சொல்லுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். 1936 டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பதிவான ‘கே ஜெலிதா மனினா’. புச்சீனியின் லா போஎம் ஓபராவின் முதல் அங்கத்தில் வருவது. பாரிஸில் ஒரு மேல்மாடிக் குளிர் அறை. மெழுகுவத்தி அணைந்துவிட்டது. பக்கத்து அறைப் பெண்ணின் சாவி எங்கோ விழுந்துவிட்டது. இரண்டு பேரும் இருட்டில் தரையைத் தடவிக்கொண்டிருக்கும்போது அவன் கை அவள் கைமேல் படுகிறது. என்ன இப்படிச் சில்லென்றிருக்கிறது என்று கேட்டபடி பாட்டு தொடங்குகிறது. கடைசிப் பகுதியில் ‘ஸ்பெரான்ஸா’ என்று ஒரு சொல் வரும், நம்பிக்கை என்று பொருள். டெனர்களுக்கு, அதாவது உச்ச ஆண்குரல்காரர்களுக்கு, எமனான மேல் ஸி என்ற உச்சசுரம் அந்தச் சொல்லின் நடு அசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. பல பேர் அதற்கு இரண்டு வரி முன்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராகிற சத்தம் நமக்குக் கேட்டுவிடும். இவரிடம் அது கேட்காது. கீழே என்ன நிறத்தில் இருந்ததோ அதே நிறத்தில் குரல் மேலே போய் நிற்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், இறங்கும்போது அவசரம் இல்லை. சொல்லை முடித்துவிட்டுத்தான் இறங்குகிறார். அப்போது அவருக்கு வயது 25.

புதுக்காது எழுதியது:

ஐயா, எனக்கு ஓபரா என்றாலே பவரொட்டிதான். 1990 உலகக் கோப்பை கால்பந்துக்கு பிபிசி போட்ட ‘நெஸ்ஸுன் டோர்மா’. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இத்தாலி மொழியும் தெரியாது. இந்த ஜஸ்ஸியிடம் நான் எங்கே தொடங்குவது?

உப்சாலா மாமி எழுதியது:

முதலில் ஜஸ்ஸியை விடுங்கள்! ஸ்வீடிஷில் ஜே என்பது ய. யுஸ்ஸி. ஞானஸ்நானப் பேர் யூஹான் யோனதன். யுஸ்ஸி என்பது ஃபின்லாந்துப் பக்கத்துச் செல்லப்பேர், பாட்டி ஃபின்லாந்துக்காரி.

நான் இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிறிஸ்துமஸ் வந்தால் ‘ஓ ஹெல்கா நாட்’ (ஆங்கிலத்தில் ‘ஓ ஹோலி நைட்’) இல்லாமல் இந்த நாட்டில் ஒன்றும் நடக்காது. 1959இல் அவர் பாடிய அந்தப் பதிவு ரேடியோவில், கடையில், பக்கத்து வீட்டுச் சமையலறையில் என்று எல்லா இடத்திலும் கேட்கும். முதல் இரண்டு வருஷம் எனக்கு அது வெறும் கிறிஸ்துமஸ் இரைச்சல். மூன்றாவது வருஷம் பனியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது திறந்திருந்த ஒரு கடையிலிருந்து வந்தது. பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்த பஸ் நாற்பது நிமிடம் கழித்து. வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுவார்.

புதுக்காது, நீங்கள் அதிலேயே தொடங்குங்கள். மெட்டு தெரிந்ததாக இருக்கும், மொழி தெரியாதது தடையாகத் தெரியாது.

பழையதட்டு எழுதியது:

மாமி சொல்வது நல்ல வழி. பவரொட்டி பிடிக்கும் என்பதால் இன்னொரு வழியும் இருக்கிறது. அதே ‘நெஸ்ஸுன் டோர்மா’வை யுஸ்ஸி 1944இல் பாடியிருக்கிறார், நில்ஸ் கிரெவில்லியுஸ் நடத்திய ஆர்க்கெஸ்ட்ராவோடு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முடிவில் ‘வின்சேரோ’ என்று வரும் இடத்தில் மேலே தொடும் சுரம், புச்சீனியின் தாளில் கண்சிமிட்டும் நேரத்துக்குத்தான். நீளமாக நிற்க வேண்டியது அதற்கு அடுத்த, கொஞ்சம் கீழே உள்ள சுரம். பவரொட்டி மேல் சுரத்தில் கொடி நட்டுவிடுவார். அது ஒரு சந்தோஷம்தான், மறுக்கவில்லை. யுஸ்ஸியிடம் அந்தச் சந்தோஷம் வேறு இடத்தில் கிடைக்கும். பாட்டின் ஆரம்பத்தில், யாரும் தூங்கக்கூடாது என்று ஊருக்கே உத்தரவு வந்திருப்பதை அவன் தனக்குத்தானே முணுமுணுக்கிற இடத்தில்.

வேடிக்கை என்னவென்றால், காலஃப் என்ற அந்தப் பாத்திரத்தை அவர் மேடையில் நடித்ததே இல்லை. 1959இல் ரோமில் பிர்கித் நில்ஸன், ரெனாத்தா தெபால்டியோடு முழு ஓபராவையும் இசைத்தட்டுக்காகப் பாடினார். அவ்வளவுதான்.

தர்க்கவாதி எழுதியது:

எல்லோரும் உருகிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். குரல் அழகு, சுத்தம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அது வெள்ளித் தட்டு மாதிரி. பளபளக்கிறது, தொட்டால் குளிர்கிறது. இத்தாலிய டெனர் ஜுசெப்பே தி ஸ்தெஃபானோ பாடினால் ஒரு ஆள் எதிரே நின்று கெஞ்சுவது தெரியும். பியோர்லிங் மேடையில் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்பார் என்று பார்த்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அது தட்டிலும் கேட்கிறது என்பது என் கருத்து.

பழையதட்டு எழுதியது:

கம்பம் மாதிரி நின்றார் என்பது உண்மைதான். குட்டையான, பருத்த ஆள். கையை ஒரு தடவை தூக்கினால் அன்றைய நடிப்பு முடிந்தது. ஆனால் தட்டிலும் அது கேட்கிறது என்று சொல்லும் நீங்கள் எதையெல்லாம் கேட்டீர்கள்? ஸ்டூடியோத் தட்டுகளை மட்டும் என்றால் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்ததும் அவர் கண்ணாடிப் பாத்திரத்தைக் கையில் எடுத்துப் போகிறவர் மாதிரி ஆகிவிடுவார். நேரலையில் ஆள் வேறு.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவிலிருந்து சனிக்கிழமை மதியம் வானொலியில் போன நிகழ்ச்சிகள் பல தப்பிப் பிழைத்திருக்கின்றன. 1940 டிசம்பர் 14, வெர்டியின் ‘உன் பல்லோ இன் மாஸ்கெரா’, சிங்கா மிலானோவோடு. அல்லது 1947 பிப்ரவரி 1, குனோவின் ‘ரோமியோ ஜூலியட்’, பிடு ஸயாவ்ங்கோடு. இரண்டாவதில் தோட்டத்துக் காட்சியைக் கேளுங்கள். சூரியனே எழுந்து வா என்று ஜன்னலைப் பார்த்துப் பாடும் பாட்டு. ஸ்டூடியோவில் இருந்திருந்தால் ஒழுங்காக முடித்திருப்பார். இங்கே ஆர்க்கெஸ்ட்ரா கொஞ்சம் பின்னே நிற்கிறது, இவர் காத்திருக்க மாட்டேன் என்று போய்விடுகிறார். கூட்டம் கத்துகிறது. வெள்ளித் தட்டு என்றீர்களே, அது அடுப்பிலிருந்து இறக்கிய தட்டு, கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

கரகரப்பு எழுதியது:

சண்டைக்கு நடுவே ஒரு தொழில் விஷயம். பழைய 78 சுற்றுத் தட்டுகளிலிருந்து எடுத்ததைக் கேட்பவர்கள் வேகத்தைக் கவனிக்க வேண்டும். பேர்தான் 78. தட்டை வெட்டிய இயந்திரம் எந்த வேகத்தில் ஓடியதோ அதே வேகத்தில் திருப்பி ஓட்டினால்தான் அந்தக் குரல் அந்தக் குரலாக இருக்கும். நிமிடத்துக்கு நாலரைச் சுற்று கூடினால் போதும், பாட்டு முழுசும் அரைச் சுரம் ஏறிவிடும். ஏறினால் டெனர் மெலிந்து, மூக்கால் பாடுகிறவர் மாதிரி ஆகிவிடுவார். இறங்கினால் ஜலதோஷம் பிடித்த பாரிடோன், டெனருக்குக் கீழே இருக்கும் கனத்த ஆண்குரல். தர்க்கவாதிக்குக் குளிராகக் கேட்டது யுஸ்ஸியா, அவசரமாக ஓட்டிய தட்டா என்று ஒரு பியானோவை வைத்துச் சரிபார்ப்பது நல்லது.

இரண்டாவது கொடுமை, கரகரப்பைத் துடைப்பது. சில வருஷம் முன்பு அவருடைய முப்பதுகளின் பாட்டுகள் என்று ஒரு பெட்டி வாங்கினேன், பேர் வேண்டாம். வெளியே அட்டை தங்க எழுத்து, உள்ளே கம்பளிக்குள் இருந்து பாடுகிறார். முள்ளின் சத்தத்தை எடுக்கிறேன் என்று குரலின் மேல் விளிம்பையும் சேர்த்து வழித்திருக்கிறார்கள். அவர் குரலில் வெளிச்சம் இருப்பதே அந்த விளிம்பில்தான். திருப்பி அனுப்பலாம் என்று கேட்டால், பிரித்த பெட்டியை வாங்கமாட்டார்களாம். பிரிக்காமல் எப்படிக் கேட்பது? இப்போது அதில் மகன் கிரிக்கெட் அட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறான்.

கரகரப்பு இருக்கட்டும். பத்து வினாடியில் காது அதை மறந்துவிடும். என் பேருக்கும் அதுதான் காரணம்.

மன்னார்க்காற்று எழுதியது:

வணக்கம். நான் இந்தப் பக்கத்தை வாசிக்கிறது மட்டும், எழுதுறது குறைவு. பழையதட்டு அண்ணை, நீங்கள் ஒருத்தரும் இன்னும் அந்த இருவர் பாட்டைச் சொல்லேல்லை. அதை எங்கட ஊர்க்காரன் சொல்லாமல் வேற ஆர் சொல்றது?

1951இல் ராபர்ட் மெரில் என்ற அமெரிக்க பாரிடோனோட சேர்ந்து யுஸ்ஸி பாடினது. பிஸேயின்ர ‘முத்துக் குளிப்போர்’ ஓபரா, 1863இல் பாரிஸில் அரங்கேறினது. கதை நடக்கிற இடம் இலங்கைக் கடற்கரை. இரண்டு நண்பர்கள், முன்னொரு காலம் கண்டிக்குப் போய் அங்க கோயிலில் ஒரு பெண்ணைப் பார்த்ததை நினைச்சுப் பாடுறார்கள். முதலில் புல்லாங்குழலும் ஹார்ப்பும், அதுக்குப் பிறகு இரண்டு குரலும் தோளில் கை போட்டு நடக்கிற மாதிரி.

முத்துக் குளிச்ச கடல் எண்டால் அது எங்கட சிலாவத்துறை, அரிப்புப் பக்கம்தான். அரிப்பில் கடலோரத்தில் ஒரு இடிஞ்ச மாளிகை நிக்குது, முத்துக் குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் கட்டினது. சனம் அதை அல்லிராணிக் கோட்டை எண்டு சொல்லும். நான் அந்தச் சுவரில் ஏறி இருந்து போனில் இந்தப் பாட்டைக் கேட்டனான். காற்றில் பாதி கேக்கேல்லை. பாட்டில் வர்றவர்களின்ர பேர் நாதிர், ஸுர்கா, லெய்லா. எங்கட பக்கத்தில் முத்துக் குளிச்ச ஆக்களுக்கு அப்பிடிப் பேர் இருந்திருக்கும் எண்டு எனக்குத் தோன்றேல்லை. பிரம்மாவை வேற கும்பிடுறார்கள். சிரிச்சுப்போட்டு இருந்தேன். பிறகு இரண்டு குரலும் ஒண்டாச் சேர்ந்து அந்த மெட்டைத் திரும்பப் பிடிக்கிற இடம் வந்தது, சிரிப்பு நிண்டுபோச்சு.

உப்சாலா மாமி எழுதியது:

மன்னார்க்காற்று தம்பி, இதுவரைக்கும் வந்ததில் இதுதான் எனக்குப் பிடித்த பதிவு. அடிக்கடி எழுதுங்கள்.

தர்க்கவாதி எழுதியது:

ரோமியோவைக் கேட்டேன். ஒப்புக்கொள்கிறேன், குளிரவில்லை. பாதி வாபஸ்.

மீதிப் பாதியை விடமாட்டேன். செப்டம்பர் வந்தால் எல்லோரும் அவருடைய கடைசி வருஷத்துப் பதிவுகளைத் தேடிப் போகிறார்கள். 1960 ஜூனில் வியன்னாவில் ஃப்ரிட்ஸ் ரைனர் நடத்திய வெர்டி ரெக்வியெம், இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசை. ஆகஸ்ட் 5, கோதன்பர்க் கச்சேரி. ‘தெரிகிறதா, சாவு தெரிகிறதா’ என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார்கள். தேதி தெரியாமல் யாருக்காவது போட்டுக் காட்டுங்கள், ஒருவருக்கும் தெரியாது. நாம் கேட்பது குரலை அல்ல, தேதியை.

பழையதட்டு எழுதியது:

தேதியும் கேட்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த வருஷம் மார்ச் 15 அன்று லண்டன் கோவன்ட் கார்டனில் லா போஎம். திரை உயர்வதற்கு முன்னால் மாரடைப்பு. ராஜமாதா வந்து உட்கார்ந்திருக்கிறார். நிகழ்ச்சி தாமதமாகத் தொடங்கியது, இவர் முழுசும் பாடி முடித்தார். ஜூலையில் ரோமில் இசை நடத்துநர் சோல்ட்டியோடு தொடங்கிய ‘பல்லோ’ பதிவு நடுவிலேயே நின்றுபோனது. பிறகு கார்லோ பெர்கோன்ஸியை வைத்து எடுத்து முடித்தார்கள். குடியும் ஒரு பக்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. மனைவி அன்னா லீஸாவே பிற்பாடு புத்தகத்தில் மறைக்காமல் எழுதினார். இதெல்லாம் தெரிந்த பிறகு ரெக்வியெமில் ‘இங்கெமிஸ்கோ’வைக் கேட்டால், குற்றவாளியைப் போல் முனகுகிறேன் என்ற வரி வேறு மாதிரித்தான் விழும். அந்த மாதிரி விழுவதில் பாதி என் வேலை. சரி.

ஆனால் நீங்கள் சொன்ன சோதனையை நான் செய்து பார்த்திருக்கிறேன். என் தங்கை மகளுக்கு ஒன்றும் சொல்லாமல் கோதன்பர்க்கைப் போட்டேன். வாக்னரின் லோஹென்கிரினில் வரும் கிராலின் (புனிதக் கிண்ணத்தின்) பாட்டு, ஸ்வீடிஷில் பாடுகிறார். அவள் சாவு என்று சொல்லவில்லை. ‘மாமா, இந்த ஆள் யாருக்கும் கேட்க வேண்டும் என்றே பாடவில்லையே’ என்றாள். நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றா வேறா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

கரகரப்பு எழுதியது:

முடிவு செய்யாதீர்கள், இழை ஓடட்டும்.

சாவை விடுங்கள், 1956 லா போஎம் பற்றி யாரும் பேசவில்லையே? இசை நடத்துநர் தாமஸ் பீச்சம் நியூயார்க்கில் இருக்கிறார், பாடகி விக்டோரியா தெ லாஸ் ஆங்கலெஸுக்கு ஊர் திரும்ப வேண்டும், சில நாள் அவகாசத்தில் அவசர அவசரமாகப் பாடி எடுத்த முழு ஓபரா. மோனோ. சுமார் எழுபது வருஷம் ஆகிறது, எத்தனை ஸ்டீரியோ வந்தும் அதை எடுத்து ஓரம் வைக்க முடியவில்லை. மெரில் அதிலும் இருக்கிறார், மார்செல்லோவாக. நாலாம் அங்கத்தில் இரண்டு பேரும் பழைய காதலிகளை நினைத்து வேலை செய்வதாகப் பாசாங்கு பண்ணுகிற இடம், மன்னார்க்காற்றுக்கு அது பிடிக்கும்.

முழு ஓபரா வேண்டாம், மனுஷன் ஒரு பியானோவோடு நிற்பது போதும் என்பவர்களுக்கு 1955 செப்டம்பர் 24, கார்னகி ஹால். ஃப்ரெடெரிக் ஷவ்வெக்கர் பியானோ. மேடைக்கு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே இருமுகிற நியூயார்க்வாசிகள் உட்பட.

உப்சாலா மாமி எழுதியது:

போன கோடையில் ரயிலேறி போர்லெங்கெ போய்விட்டு வந்தேன். அவர் பிறந்த ஊர், இரும்பாலை ஊர். 1994இல் திறந்த சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்தில் ஸ்தோரா தூனா தேவாலயம், அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். எனக்கு மனதில் நின்றது அந்த மூன்று பையன்களின் படம். அப்பா டாவிட்டும் டெனர். அம்மா 1917இல் இறந்த பிறகு, மூன்று பிள்ளைகளையும் நிறுத்திவைத்து நால்வர் குழுவாகப் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார். 1919இல் அமெரிக்காவுக்கே கூட்டிப் போய்விட்டார். அங்கே வாழ்ந்த ஸ்வீடன்காரர்களின் தேவாலயங்களில் பாட்டு. 1920இல் நியூயார்க்கில் தட்டும் கொடுத்தார்கள். யுஸ்ஸிக்கு ஒன்பது வயது.

மைக் வராத காலம். ஒரு பெரிய கொம்பு வாய்க்கு எதிரே மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு நின்று பாட வேண்டும். அந்தத் தட்டில் ஒரு குழந்தை கூடக் குழைவதில்லை. நிமிர்ந்து, வார்த்தையை வார்த்தையாகச் சொல்கிறார்கள். பிற்பாடு உலகம் முழுக்கக் கேட்ட அந்தச் சுத்தம் அங்கேயே இருக்கிறது. அப்பா பக்கத்தில் நின்று முறைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, சிரிப்புக்கு. முப்பதுகளின் ஆரம்பத்தில் ஸ்டாக்ஹோம் ராயல் ஓபராவில் பாடிக்கொண்டே, எரிக் ஒட்டெ என்ற புனைபேரில் நடனப் பாட்டுகளும் பாடித் தட்டு போட்டிருக்கிறார். தேடிக் கேளுங்கள். குரலை மறைக்கத்தான் பார்க்கிறார், ஒளியவில்லை.

புதுக்காது எழுதியது:

மாமி சொன்ன கிறிஸ்துமஸ் பாட்டையும் ஐயா சொன்ன 1936 பாட்டையும் கேட்டேன். முதலாவது உடனே பிடித்தது. இரண்டாவது பிடிக்கவில்லை, ஒரே கரகரப்பு. ஐயா சொன்ன இடத்துக்காகத் திரும்பப் போட்டேன். மூன்றாவது தடவை ‘ஸ்பெரான்ஸா’ வருவதற்கு முன்னாலேயே நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் பிடிக்கவில்லை. இப்போது ஆறு தடவை ஆகிவிட்டது. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன என்று கேட்டார், ஒரு காதுக் கருவியைக் கொடுத்தேன். ‘நல்லாத்தான் இருக்கு’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பரவாயில்லை.

பழையதட்டு எழுதியது:

ஆறு தடவையா? போதும், நீங்கள் உள்ளே வந்தாயிற்று.

நாளை ஒன்பதாம் தேதி. இந்திய நேரம் ராத்திரி 9:30க்கு எல்லோரும் ஒரே சமயத்தில் போடலாமா? மாமிக்கு அங்கே ஆறு மணி, சரியாக இருக்கும். 1920 பையன்கள் முதலில். அப்புறம் 1936. அப்புறம் ரோமியோ தோட்டம், முத்துக் குளிப்போர், கார்னகியில் ஏதாவது ஒன்று, கடைசியில் கோதன்பர்க்.

மன்னார்க்காற்று எழுதியது:

நான் தயார். கரண்ட் இருந்தால்.

தர்க்கவாதி எழுதியது:

நானும் வருகிறேன். கடைசியில் கோதன்பர்க் வேண்டாம்.

உப்சாலா மாமி எழுதியது:

‘டில் ஹாவ்ஸ்’ வையுங்கள். கடலுக்குப் போகலாம் என்று பாடுவது, நூர்த்க்விஸ்த் மெட்டு. இங்கே எல்லாருக்கும் தெரியும். கடைசிக் கூவலில் ஜன்னல் அதிரும், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழையதட்டு எழுதியது:

சரி, ‘டில் ஹாவ்ஸ்’. கோதன்பர்க்கை நான் பிறகு தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.